குமுளிப் பக்கம் மின்சார கார் ஏன் இன்னும் அங்கொன்றும் இங்கொன்றுமாக?

கேரள எல்லையோரக் குமுளிக்கு அடுத்த வண்டிப்பெரியாரிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: எங்கள் பக்கம் மின்சார ஸ்கூட்டர் தெருவுக்கு இரண்டு நிற்கிறது, மின்சார கார் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் தென்படுகிறது, ஜீப்பில் ஒன்றுகூடக் கிடையாது, மக்கள் மாறுவதையும் மாறாமல் இருப்பதையும் எது தீர்மானிக்கிறது, விலையா, மலையா, பயமா? கூடவே தன் நிலைமையையும் எழுதியிருக்கிறார். பள்ளிக்கூட ஆசிரியர், தினம் போக வர 40 கிலோமீட்டர், மாதம் ஒன்றிரண்டு முறை மதுரை. குடியிருப்பது வாடகை வீடு. ஹைப்ரிட் (பெட்ரோல் இன்ஜினும் மின் மோட்டாரும் சேர்ந்தது) வாங்கலாமா, முழு மின்சாரமே வாங்கலாமா, இன்னும் கொஞ்சம் பொறுக்கலாமா என்று கேட்கிறார். அவருடைய அண்ணன் தமிழ்நாட்டுப் பக்கம் கம்பத்திலிருந்து ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப் வைத்திருக்கிறார், அவருக்கு என்ன வழி என்பது கடைசிக் கேள்வி.

கேள்வி ஊரைப் பற்றியதுபோல இருந்தாலும் அதற்குள் இருப்பது வேறு என்று நினைக்கிறேன். "மற்றவர்கள் வாங்காமல் இருப்பதற்கு எனக்குத் தெரியாத காரணம் ஏதாவது இருக்கிறதா, நான் மட்டும் போய் மாட்டிக்கொள்வேனா?" இதுதான் கேட்கப்படுகிறது. பட்டறைக்கு வந்து டீ குடித்துக்கொண்டே பலரும் இதைத்தான் சுற்றிச் சுற்றிக் கேட்கிறார்கள். நான் ஆட்டோ எலக்ட்ரீஷியன். கம்பத்தில் டைனமோவும் ஸ்டார்ட்டரும் சுற்றிப் பழகி, பிறகு குமுளியில் பட்டறை போட்டவன். மின்சார வண்டிக்கென்று பயிற்சி எடுத்து, சில வருஷமாக அவற்றின் ஒயரிங், சார்ஜர், வீட்டில் பாயிண்ட் போடுவது எல்லாம் பார்க்கிறேன். பேட்டரியைப் பிரித்து உள்ளே செல் மட்டத்தில் வேலை செய்பவன் இல்லை, வண்டி விற்பவனும் இல்லை. அந்த அளவுக்குள் வைத்து இதைப் படியுங்கள்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தப் பக்கத்தில் யார் மாறுகிறார்கள், யார் மாறவில்லை என்பதை வேறு எதைவிடவும் அதிகமாகத் தீர்மானிப்பது, வண்டி ராத்திரி எங்கே நிற்கிறது என்பதுதான். அது நிற்கும் இடத்தில், கையெட்டும் தூரத்தில், சொந்தமாக ஒரு நல்ல எர்த் உள்ள பிளக் பாயிண்ட் இருக்கிறதா? இரண்டாவது, தினம் ஓடும் தூரம் ஒரே மாதிரி இருக்கிறதா, அது போதுமான அளவு இருக்கிறதா? விலையும் வரியும் மானியமும் இந்த இரண்டுக்கும் பிறகுதான் வருகின்றன. மலை பெரிய காரணமே இல்லை.

ஸ்கூட்டர் ஏன் முதலில் வந்தது என்று பாருங்கள். அதன் பேட்டரி பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு யூனிட்டுக்குள் (யூனிட் என்றால் கரண்ட் பில்லில் வரும் அதே யூனிட், ஒரு கிலோவாட் மணி). செல்போன் சார்ஜ் போடுகிற சாதாரண பாயிண்டே அதற்குப் போதும். வராந்தாவில் ஏற்றி நிறுத்தலாம், சிலவற்றில் பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுபோகலாம். வாடகைக்குக் குடியிருப்பவர் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. கார் அப்படியில்லை. 16 ஆம்பியர் பாயிண்டில் சுமார் 3 கிலோவாட் இழுத்துக்கொண்டு எட்டு மணி நேரம், பத்து மணி நேரம் நிற்கும். இஸ்திரிப் பெட்டி பத்து நிமிஷம் ஓடும் அதே பாயிண்ட்தான் என்று நினைத்து மாட்டினால், உள்ளே லூஸாக இருக்கும் ஒயர் சூடேறி, சாக்கெட் கறுத்து, சில சமயம் உருகியே போகிறது. அதனால் மீட்டர் போர்டிலிருந்து தனியாக 4 ஸ்கொயர் எம்.எம். காப்பர் ஒயர் இழுத்து, அதற்கென்று ஒரு எம்.சி.பி.யும் (சுமை கூடினால் தானே விழும் சுவிட்ச்) 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் (கரண்ட் கசிந்தால் துண்டிக்கும் சுவிட்ச்) வைத்துத்தான் நான் கொடுப்பது.

எர்த் விஷயத்தை நம் ஊரில் யாரும் பேசுவதில்லை. பட்டறைக்கு வரும் புகாரில் பாதி அதுதான். மின்சார கார் பாயிண்டில் எர்த் சரியாக இல்லையென்றால் சார்ஜ் எடுக்கவே மறுக்கும். சிவப்பு விளக்கு எரியும், வாங்கியவர் வண்டி கெட்டுப்போய்விட்டது என்று பதறுவார். வண்டி நன்றாகத்தான் இருக்கும். பாறை மண்ணில் எப்போதோ அடித்த எர்த் கம்பி, கோடையில் காய்ந்துபோய் வேலை செய்யாமல் கிடக்கும். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களிலும் பழைய ஓட்டு வீடுகளிலும் எர்த் ஒயரே இழுத்திருக்க மாட்டார்கள். மூன்று ஓட்டை சாக்கெட் இருக்கும், மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் ஒன்றும் இருக்காது. லைன் கடைசியில் இருக்கும் வீடுகளில் மாலை நேரத்தில் வோல்ட்டேஜ் இறங்கிவிடும். மழைக்காலத்தில் மரம் விழுந்து கரண்ட் போவது தனி. மூலமற்றத்தில் 780 மெகாவாட் நிலையத்தை வைத்துக்கொண்டு 1976 முதல் மாநிலத்துக்கே கரண்ட் கொடுக்கும் இடுக்கி மாவட்டத்தில், ஆடி மாதக் காற்றில் இரண்டு நாள் இருட்டில் உட்கார்ந்திருப்பது நமக்குப் புதிதல்ல. ஆனாலும் இவை எல்லாம் எலக்ட்ரீஷியனால் தீர்க்கக்கூடியவை, கரண்ட் போவதைத் தவிர. அதற்கும் முதல் நாள் சார்ஜ் இருந்தால் மறுநாள் பள்ளிக்கூடத்துக்குப் போய் வரலாம்.

இப்போது மலைக்கு வருகிறேன். "மேட்டில் ஏறும்போது சார்ஜ் தண்ணீராகக் கரைந்துவிடும்" என்பதுதான் இங்கே நான் அதிகம் கேட்கும் வாக்கியம். கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். கம்பத்திலிருந்து குமுளிக்கு ஏற்றம் சுமார் 500 மீட்டர். ஆட்களோடு சேர்த்து 1,600 கிலோ உள்ள காரை 500 மீட்டர் உயரத்துக்குத் தூக்க வேண்டிய சக்தி ஏறக்குறைய 2.2 யூனிட். மோட்டாரிலும் ஒயரிலும் போகும் நஷ்டத்தையும் சேர்த்தால் இரண்டரை யூனிட். இது சமதளத்தில் ஓடியிருந்தாலும் ஆகும் செலவுக்கு மேல் கூடுதலாக ஆவது. 30 யூனிட் பேட்டரியில் இது பன்னிரண்டில் ஒரு பங்கு. போடியிலிருந்து போடிமெட்டு ஏறினால் ஏற்றம் சுமார் 1,000 மீட்டர், அதனால் செலவும் ஏறக்குறைய இரண்டு மடங்கு. இவ்வளவுதான் மலை தின்பது. பெட்ரோல் வண்டியும் அதே உயரத்துக்கு அதே எடையைத் தூக்கத்தான் வேண்டும். அதில் டாங்க் பெரிதாக இருப்பதால் நாம் கவனிப்பதில்லை.

இறங்கும்போதுதான் வித்தியாசம். பெட்ரோல் வண்டியில் அந்த உயரம் முழுவதும் பிரேக் சூடாகவும் இன்ஜின் இழுவையாகவும் வீணாகப் போகிறது. மின்சார வண்டியில் மோட்டாரே டைனமோவாகத் திரும்பி பேட்டரிக்குக் கரண்ட் அனுப்புகிறது. ஏறும்போது கூடுதலாகச் செலவானதில் பாதியாவது திரும்பி வந்துவிடும், பிரேக் ஷூவும் தேயாது. திருப்பதியிலிருந்து திருமலைக்கு 2022 செப்டம்பர் முதல் ஆந்திர அரசு போக்குவரத்துக் கழகம் மின்சார பஸ்களை மலைப்பாதையில் விட்டிருக்கிறது. ஆள் நிறைந்த பஸ்ஸே ஏறி இறங்கும்போது குமுளிக்கு ஏறும் நம் லோயர்கேம்ப் மலைப்பாதையில் கார் ஏறுமா என்ற கேள்விக்கு இடமில்லை.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. ஷோரூமில் யாரும் இதைச் சொல்லி நான் கேட்டதில்லை. மேலே குமுளியில் ராத்திரி 100 சதவீதம் சார்ஜ் போட்டுவிட்டுக் காலையில் நேராகக் கீழே இறங்கினால், திரும்பி வரும் கரண்ட்டை வைத்துக்கொள்ள பேட்டரியில் இடமில்லை. வண்டி அந்த இழுவையைக் குறைத்துவிடும். கியர் இல்லாத வண்டி, செகண்டில் போட்டு இறக்கவும் முடியாது. கால் பிரேக்கையே அழுத்திக்கொண்டு இறங்க வேண்டியிருக்கும். பழக்கமில்லாதவருக்கு அது ஆபத்து. மலைமேல் வீடு இருப்பவர்கள் 85, 90 சதவீதத்தில் சார்ஜை நிறுத்திக்கொள்ளுங்கள். பல வண்டிகளில் அதற்கு செட்டிங் இருக்கிறது.

ஹைப்ரிட் இதே இறக்கத்தில் எப்படி என்று பார்த்தால் அதன் குணம் புரியும். ஹைப்ரிட் என்று பெயர் ஒட்டியதெல்லாம் ஒன்றல்ல. சில வண்டிகளில் ஸ்டார்ட்டரும் ஆல்ட்டர்னேட்டரும் சேர்ந்த ஒரு சிறு மோட்டார் இன்ஜினுக்கு லேசாகக் கைகொடுக்கும். அது தனியாக வண்டியை ஓட்டாது, மைலேஜில் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். உண்மையான ஹைப்ரிட், அதாவது மோட்டாரே கொஞ்ச தூரம் வண்டியை இழுத்துப்போவது, 2022இல் மாருதி கிராண்ட் விட்டாரா, டொயோட்டா ஹைரைடர், ஹோண்டா சிட்டி போன்றவற்றில்தான் நம் மாதிரிக் குடும்பங்களுக்கு எட்டும் தூரத்துக்கு வந்தது. கிராண்ட் விட்டாராவில் பேட்டரி 0.76 யூனிட். நான் மேலே சொன்ன இறக்கத்தில் ஒரு யூனிட்டுக்கு மேல் திரும்பி வரும். அந்தச் சின்ன பேட்டரி பாதி மலையிலேயே நிரம்பிவிடும். மீதி இறக்கத்தை இன்ஜின் இழுவையில்தான் இறக்க வேண்டும். அடிக்கடி நின்று நின்று போகும் நகர நெரிசலில் இந்தச் சின்ன பேட்டரி அருமையாக வேலை செய்யும். நீண்ட மலை இறக்கத்துக்கும், நான்கு வழிச்சாலையில் ஒரே வேகத்தில் போவதற்கும் அதன் பலன் குறைவு. அட்டையில் போட்டிருக்கும் லிட்டருக்கு 27.97 கிலோமீட்டரை நம் ரோட்டில் எதிர்பார்க்காதீர்கள். 20, 22 கிடைத்தால் நல்ல ஓட்டுநர் என்று அர்த்தம்.

பணக் கணக்கு. சுமாரான எண்களை வைத்துப் போடுகிறேன், உங்கள் எண்களைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள். பெட்ரோல் 105 ரூபாய், லிட்டருக்கு 16 கிலோமீட்டர் என்றால் கிலோமீட்டருக்கு ஆறரை ரூபாய். ஹைப்ரிட் 22 கொடுத்தால் நாலே முக்கால் ரூபாய். மின்சாரம் வீட்டில் யூனிட் 8 ரூபாய், யூனிட்டுக்கு ஆறரை கிலோமீட்டர் என்றால் ஒன்றே கால் ரூபாய். வெளியே வேக சார்ஜரில் யூனிட் 20 ரூபாய் கொடுத்தால் அதுவே மூன்று ரூபாய் ஆகிவிடும். பெட்ரோல் காரைவிட மின்சார கார் 3 லட்சம் கூடுதல் என்று வைத்தால், வீட்டிலேயே சார்ஜ் போடுபவருக்கு 57,000 கிலோமீட்டர் வாக்கில் போட்ட முதல் திரும்பிவிடும். வெளியே மட்டுமே போடுபவருக்கு அது 86,000 ஆகும். ஹைப்ரிட் இரண்டரை லட்சம் கூடுதல் என்றால் திரும்ப 1,40,000 கிலோமீட்டருக்கு மேல் ஓட்ட வேண்டும். வருஷம் 12,000 ஓட்டும் குடும்பத்துக்கு இது பத்து வருஷத்துக்கு மேல். பணம் மிச்சமாகும் என்று நினைத்து ஹைப்ரிட் வாங்குபவர்கள் பெரும்பாலும் இந்தக் கணக்கைப் போட்டிருக்க மாட்டார்கள். சத்தமில்லாமல் போகிறது, எங்கே நின்றுவிடுமோ என்ற பயம் இல்லை, பங்கில் இரண்டு நிமிஷத்தில் நிரப்பிக்கொள்ளலாம் என்ற நிம்மதிக்காக வாங்கினால் அது வேறு. நிம்மதிக்கும் ஒரு விலை உண்டு.

கிலோமீட்டருக்குக் காசு எண்ணுபவர்கள்தான் முதலில் மாறுகிறார்கள் என்பதை நாட்டுக் கணக்கும் காட்டுகிறது. 2024–25 நிதியாண்டில் இந்தியாவில் விற்ற மின்சார இருசக்கர வண்டிகள் 11 லட்சத்துக்கு மேல், மூன்று சக்கரம் சுமார் 7 லட்சம், கார் ஒரு லட்சத்தைக் கொஞ்சம் தாண்டியது. புதிதாக விற்கும் மூன்று சக்கர வண்டியில் பாதிக்கு மேல் மின்சாரம்தான், வடக்கே ஓடும் இ-ரிக்‌ஷாக்களையும் சேர்த்து. ஆட்டோக்காரர் தினம் எண்பது, நூறு கிலோமீட்டர் ஓட்டுகிறார். மாலையில் கையில் மிஞ்சுவது என்ன என்று அவருக்குத் தெரியும். போதாததற்கு, மின்சார வாடகை வண்டிக்குப் பர்மிட் தேவையில்லை என்று மத்திய அரசு 2018 அக்டோபரிலேயே விலக்குக் கொடுத்துவிட்டது. மாதச் சம்பளக்காரரான நாம் ஷோரூமில் விலையைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்துவிடுகிறோம்.

வரியும் மானியமும் எவ்வளவு தள்ளுகின்றன? மின்சார வண்டிக்கு ஜி.எஸ்.டி. 2019 ஆகஸ்டில் 12இலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது, அதுதான் பெரிய உதவி. ஹைப்ரிட்டுக்குத் தனிச் சலுகை கிடையாது. 2025 செப்டம்பரில் வரி மாறிய பிறகும் நான்கு மீட்டருக்கு மேல் நீளமுள்ள ஹைப்ரிட்டுக்கு 40 சதவீதம். உத்தரப்பிரதேசம் 2024இல் பதிவு வரியைத் தள்ளுபடி செய்ததுபோல நம் இரண்டு மாநிலங்களிலும் செய்யவில்லை. இன்சூரன்ஸில் மூன்றாம் நபர் பிரீமியம் 2022 முதல் மின்சாரத்துக்கு 15 சதவீதமும் ஹைப்ரிட்டுக்கு ஏழரை சதவீதமும் குறைவு. மின்சார வண்டிகளுக்கான மத்திய அரசின் ஃபேம் மானியத் திட்டத்தில், 2019இல் தொடங்கிய இரண்டாம் கட்டம் சொந்தக் காருக்கு எதுவும் தரவில்லை, இருசக்கரம், வாடகை வண்டி, பஸ் போன்றவற்றுக்குத்தான். மத்திய அரசின் இருசக்கர மானியம் 2021இல் பேட்டரியின் ஒரு யூனிட்டுக்கு 15,000 ரூபாயாக இருந்து, 2023 ஜூனில் 10,000, 2024இல் 5,000, 2025இல் 2,500 என்று இறங்கிக்கொண்டே வந்தது. விற்பனையோ கூடிக்கொண்டே போனது. மானியம் ஆரம்பத்தில் தள்ளிவிட உதவியது உறுதி. அது இல்லாவிட்டால் படுத்துவிடும் என்ற பேச்சு ஸ்கூட்டரைப் பொறுத்தவரை பொய்த்துவிட்டது. கார் அப்படியா என்பது இன்னும் தீராத கேள்வி. நார்வேயில் 2024இல் விற்ற புதிய கார்களில் 88.9 சதவீதம் மின்சாரம். அதுவும் மலைநாடு, குளிர்நாடு. ஆனால் 1990களிலிருந்து முப்பது வருஷம் மின்சார காருக்கு வரியைத் தள்ளுபடி செய்துவிட்டுக் காத்திருந்தார்கள்.

எல்லையில் இருப்பவர்களுக்குத் தனிக் கணக்கு ஒன்று உண்டு. கேரளாவில் 2025 ஏப்ரலிலிருந்து மின்சார காருக்குச் சாலை வரி 15 லட்சம் வரை 5 சதவீதம், 20 லட்சம் வரை 8, அதற்கு மேல் 10. தமிழ்நாடு தன் 2023 கொள்கையில் 2025 டிசம்பர் வரை முழு விலக்குக் கொடுத்தது; வாங்கும் அன்றைய நிலவரத்தை ஆர்.டி.ஓ. ஆபீசில் கேட்டுக்கொள்ளுங்கள். இதைப் பார்த்ததும் கம்பத்தில் சித்தப்பா வீட்டு முகவரியில் பதிவு செய்துவிடலாமா என்று ஒரு யோசனை வரும். பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வேறு மாநிலத்தில் வண்டியை வைத்திருந்தால் அங்கே மறுபதிவு செய்ய வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டம் சொல்கிறது. செக்போஸ்ட்டில் தினம் முகம் காட்டும் ஊரில் அந்த யோசனை வேண்டாம். பெட்ரோல் விஷயத்தில் மட்டும் எல்லை நமக்கு உதவுகிறது. கேரளாவில் 2023 ஏப்ரலில் லிட்டருக்கு 2 ரூபாய் செஸ் வேறு போட்டார்கள்; கீழே போகும்போதெல்லாம் தமிழ்நாட்டு பங்கில் டாங்கை நிரப்பிக்கொண்டு வருவது நமக்குப் பரம்பரைத் தொழில்.

கரண்ட் பில்லையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். கேரளாவில் வீட்டு இணைப்புக்கு மாதம் 250 யூனிட் வரைதான் படிப்படியான கட்டணம். தாண்டினால் முதல் யூனிட்டிலிருந்தே ஒரே உயர்ந்த விலை. வீட்டுக்கு மாதம் 130 யூனிட் ஓடுகிறது, காருக்கு 150 சேருகிறது என்றால் கோட்டைத் தாண்டிவிட்டீர்கள். காருக்கு மட்டுமல்ல, ஃபிரிட்ஜுக்கும் மிக்சிக்கும் சேர்த்துக் கூடுதலாகக் கட்ட வேண்டும். நான் மேலே 8 ரூபாய் என்று போட்டது இதையும் மனதில் வைத்துத்தான். தமிழ்நாட்டுப் பக்கம் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் என்ற கோடு அதே வேலையைச் செய்கிறது. பொது சார்ஜிங் நிலையங்களில் கேரளாவில் காலை 9 முதல் மாலை 4 வரை, சூரிய மின்சாரம் ஏராளமாகக் கிடைக்கும் நேரத்தில், குறைந்த கட்டணம். மற்ற நேரத்தில் கூடுதல். கூரையில் சோலார் போட்டிருப்பவர்கள் இந்தப் பக்கம் முதலில் மின்சார கார் வாங்கியதில் ஆச்சரியமே இல்லை.

பயத்தைப் பற்றி. 2022 மார்ச்சில் வேலூரில் ராத்திரி வீட்டில் சார்ஜில் போட்டிருந்த ஸ்கூட்டர் தீப்பிடித்துத் தகப்பனும் மகளும் இறந்தார்கள். அது நடந்த விஷயம், பயப்பட்டதில் தப்பில்லை. அதன் பிறகு பேட்டரி பாதுகாப்பு விதிகளை 2022 டிசம்பரிலும் 2023 மார்ச்சிலுமாக இரண்டு கட்டமாக இறுக்கினார்கள். அதற்கு முன் தயாரான மலிவு ஸ்கூட்டரைப் பழையதாக வாங்க வேண்டாம் என்றுதான் நான் எல்லோருக்கும் சொல்வது. ஸ்கூட்டரில் நடந்ததைக் காரின் மீது ஏற்றிப் பேசுவது சரியல்ல. காரில் பேட்டரியைக் குளிர்விக்கவும் கண்காணிக்கவும் தனி அமைப்பு இருக்கிறது. இன்னொரு பயம் நடுவழியில் நின்றுவிடுவது. 2019 பிப்ரவரியில் திருவனந்தபுரத்திலிருந்து எர்ணாகுளம் கிளம்பிய கேரள அரசு மின்சார பஸ், சார்ஜ் தீர்ந்து சேர்த்தலையில் நின்றது. அந்தச் செய்தியை இன்றைக்கும் டீக்கடையில் சொல்கிறார்கள். நன்றாக ஓடியது எதுவும் செய்தியாவதில்லை. நான் பார்த்தவரை, ஒரு தெருவில் முதல் கார் வந்து ஒரு மழைக்காலத்தைத் தாண்டிவிட்டால்தான் இரண்டாவது ஆள் ஷோரூம் பக்கம் எட்டிப் பார்ப்பார். விளம்பரம் செய்யாத வேலையைப் பக்கத்து வீட்டு வாத்தியார் செய்வார்.

உறுதியாகச் சொல்ல முடியாதவையும் உண்டு. பேட்டரி எத்தனை வருஷம் வரும்? எட்டு வருஷம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் என்று பல கம்பெனிகள் உத்தரவாதம் தருகின்றன. ஆனால் நம் நாட்டில் சாதாரணக் குடும்பங்கள் மின்சார கார் வாங்கத் தொடங்கியதே 2020இல் டாட்டாவின் நெக்ஸான் மின்சார கார் வந்த பிறகுதான். அந்தத் தலைமுறையில் பத்து வருஷம் ஓடிய வண்டி என்று காட்ட ஒன்று இல்லை. கம்பம் பள்ளத்தாக்கின் வெயிலில் நிற்கும் பேட்டரியைவிட குமுளிக் குளிரில் நிற்பது நாள்பட வரும் என்பது வேதியியல்படி சரி, எத்தனை வருஷம் கூடுதல் என்பதை யாரும் இப்போது சொல்ல முடியாது. மறுவிற்பனை விலை இன்னும் நிலைக்கவில்லை. பழைய வண்டி வியாபாரிகள் தயங்கி, குறைத்துத்தான் கேட்கிறார்கள். நாலைந்து வருஷத்தில் வண்டியை மாற்றும் பழக்கமுள்ளவருக்கு இது உண்மையான நஷ்டம். எட்டுப் பத்து வருஷம் வைத்து ஓட்டுபவர் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ரிப்பேர் இன்னொன்று: உயர் வோல்ட்டேஜ் பக்கம் என் மாதிரிப் பட்டறைகள் கை வைக்கக் கூடாது, வைக்கவும் மாட்டோம். தேனிக்கோ மதுரைக்கோ கோட்டயத்துக்கோ வண்டியை ஏற்றி அனுப்ப வேண்டிவரும். நிலக்கரியில் எடுத்த கரண்ட்தானே, இதில் சுற்றுச்சூழலுக்கு என்ன லாபம் என்று சிலர் கேட்பார்கள். நாட்டு மின்சாரத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு நிலக்கரிதான். அப்படியும் மின்சார கார் ஓடும் ஆயுளுக்குச் சேர்த்துப் பார்த்தால் பெட்ரோலைவிடக் குறைவாகவே புகை கணக்கில் வருகிறது. ஆனால் இதைக் காரணமாகச் சொல்லி வண்டி வாங்கிய ஒருவரைக்கூட நான் இந்த மலையில் பார்த்ததில்லை.

இனி உங்கள் விஷயம். தினம் 40 கிலோமீட்டருக்கு ஆறு, ஏழு யூனிட் போதும். 16 ஆம்பியர் பாயிண்டில் இரண்டரை மணி நேரம். ஓட்டத்தைப் பொறுத்தவரை நீங்கள் மின்சார காருக்கென்றே அளவெடுத்த ஆள். குமுளியிலிருந்து மதுரை 140 கிலோமீட்டர் வாக்கில். வண்டிப்பெரியாரிலிருந்து இன்னும் கொஞ்சம் கூடும். நிஜத்தில் 200 கிலோமீட்டர் ஓடும் வண்டி ஒரே மூச்சில் போய்ச் சேரும், திரும்ப மதுரையிலோ தேனியிலோ ஒருமுறை போட்டுக்கொள்ள வேண்டும். ஒரு டீயும் சாப்பாடும் ஆகும் நேரம். கடைசி ஏற்றத்துக்கு நான் சொன்ன இரண்டரை யூனிட்டையும் அதற்கு மேல் கொஞ்சத்தையும் கையில் வைத்துக்கொண்டு கம்பத்தைத் தாண்டுங்கள்.

உங்களைத் தடுப்பது வாடகை வீடு ஒன்றுதான். அதனால் ஷோரூமுக்குப் போவதற்கு முன் வீட்டுக்காரரிடம் போங்கள். வீட்டு இணைப்பிலிருந்தே சொந்த வண்டிக்கு சார்ஜ் போட்டுக்கொள்ளலாம் என்று மத்திய மின்சார அமைச்சகத்தின் வழிகாட்டுதல் தெளிவாகச் சொல்கிறது. தனி உரிமம் எதுவும் வேண்டாம். பாயிண்ட் போடும் செலவு உங்களுடையது, சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று கொடுத்துவிடுவேன், காலி செய்யும்போது ஒயரை அப்படியே விட்டுவிட்டுப் போவேன் என்று சொல்லுங்கள். பெரும்பாலான வீட்டுக்காரர்களுக்கு இருக்கும் பயம் பில் கூடிவிடுமே என்பதுதான், அதைக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தால் இறங்கி வருவார்கள். வீட்டில் சுமை 5 கிலோவாட்டைத் தாண்டினால் த்ரீ ஃபேஸ் கேட்பார்கள் என்பதால் பெரிய சார்ஜருக்கு ஆசைப்படாமல் 16 ஆம்பியரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எர்த்தை அளந்து பார்க்கச் சொல்லுங்கள், பார்வையால் சொல்பவரை நம்பாதீர்கள். அவர் ஒத்துக்கொண்டால் மின்சார கார் வாங்குங்கள், ஹைப்ரிட் பக்கம் போகவே வேண்டாம். ஒத்துக்கொள்ளவில்லை, வண்டி ரோட்டோரத்தில்தான் நிற்கும் என்றால் பொது சார்ஜரை மட்டும் நம்பி வாங்காதீர்கள். அது வேலை செய்யாத நாளில் உங்களுக்கு வேறு வழியில்லை. அந்த நிலையில் ஹைப்ரிட்டுக்குக் கூடுதல் பணம் கொடுப்பதைவிட ஒரு சாதாரண பெட்ரோல் காரையே எடுத்து, பள்ளிக்கூடத்துக்கு ஒரு மின்சார ஸ்கூட்டர் வைத்துக்கொள்ளலாம். மழையில் நனைவது உங்கள் பாடு.

அண்ணனின் ஜீப்புக்கு இப்போது வழியில்லை. விடியுமுன் கம்பத்தில் ஆளேற்றி, மலையேறி, தோட்டத்துக்குள் கல்லும் சேறுமான பாதையில் போய், பிற்பகலில் திரும்பும் அந்த ஓட்டத்தைப் பார்த்தால் தூரம் ஒரு தடையே இல்லை. பகல் முழுக்க வண்டி தோட்டத்தில் சும்மாதான் நிற்கிறது. ஆனால் அந்த வேலைக்கு ஏற்ற, நான்கு சக்கரமும் இழுக்கும், அவர் வாங்கக்கூடிய விலையில் ஒரு மின்சார ஜீப் இங்கே விற்பனைக்கு இல்லை. பழைய டீசல் ஜீப்பில் மோட்டார் வைத்து மாற்றித் தருகிறோம் என்று யாராவது வந்தால், மாற்றப் பயன்படுத்தும் ‘கிட்’ அங்கீகாரம் பெற்றதுதானா, ஆர்.சி. புக்கில் எரிபொருள் மாற்றம் ஏறுமா, இன்சூரன்ஸ் ஒத்துக்கொள்ளுமா என்று மூன்றையும் எழுத்தில் வாங்காமல் முன்பணம் கொடுக்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.